நாய் தானாக நிற்காது: வேட்டைப் பயணத்துக்கு முன் எட்டு வாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன், சிகாகோவில் குடியிருக்கும் சேலத்துக்காரர் ஒருவர் எழுதிய பயணக் கட்டுரை வெளிவந்திருந்தது. தம் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கு டகோட்டா மாநிலத்துக்குப் போய், அங்கே உரிமம் பெற்று, பெசன்ட் என்னும் பறவையை வேட்டையாடி வந்த அனுபவத்தை அவர் சுவையாகவே எழுதியிருந்தார். ஆனால் அக்கட்டுரையில் இரண்டு இடங்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நாயைப் பூங்காவில் ஓடவிட்டுத் தயார் செய்ததாக ஓரிடத்தில் சொல்கிறார். முதல் நாள் மாலையிலேயே அது எழுந்து நடக்க முடியாமல் படுத்துவிட்டதென்றும், அந்த அளவுக்கு உற்சாகமாக உழைத்ததென்றும் வேறோர் இடத்தில் பெருமையுடன் சொல்கிறார். முதலாவதன் விளைவுதான் இரண்டாவது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதைச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் நாட்டில் வேட்டை முடிந்துபோன விஷயம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமத்துடன் சிறு வேட்டைக்கு இருந்த வாய்ப்பையும் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. சேர்வராயன் மலையில் இன்று ஒரு கௌதாரியைக் கண்ணி வைத்துப் பிடித்தாலும் அது குற்றமே. அது குற்றமாக இருப்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி. காப்பிச் செடிகளுக்கு நடுவே காட்டுக்கோழி கூவுவதைக் கேட்டுக்கொண்டுதான் நான் ஒவ்வொரு நாளும் கண்விழிக்கிறேன். ஆகவே யாரையும் வேட்டைக்குத் தூண்டுவதற்காக இதை எழுதவில்லை. சட்டம் இடம் தரும் தேசத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்த நாயின் உடம்பைப் பற்றிய ஒரு கடமை இருக்கிறது; வேட்டையே இல்லாத நம் ஊரிலும் நாயை மலைக்கு ஏற்றி வருகிறவர்களுக்கு அதே கடமை இருக்கிறது.

என் தந்தையார் 1960களில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் துரையின் பங்களா நாய்களைப் பார்த்துக்கொண்டவர். இரண்டு பாயின்டர்களும் ஒரு லாப்ரடாரும் அவர் பொறுப்பில் இருந்தன. பாயின்டர் என்பது பறவையின் வாசனை கிடைத்ததும் பாய்ந்து பிடிக்காமல், ஒரு முன்னங்காலைத் தூக்கி, வாலை நீட்டி, அந்தத் திசையை மூக்கால் காட்டியபடி சிலைபோல் நின்றுவிடும் இனம். சுடப்பட்ட பறவையைத் தேடிக் கவ்விவருவது லாப்ரடாரின் வேலை. நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டதைத் துரத்தும் நாய்கள்; அவற்றின் உழைப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். பறவை நாயின் உழைப்போ காலை முதல் பொழுது சாயும் வரை நீளும். மனிதன் 10 கிலோமீட்டர் நேராக நடந்தால், வலமும் இடமுமாகச் சல்லடை போட்டுத் தேடும் நாய் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு ஓடியிருக்கும். வாரத்தின் ஆறு நாளும் வீட்டுக்குள் படுத்திருந்த நாயிடம் ஏழாம் நாள் 40 கிலோமீட்டர் கேட்பது என்ன நியாயம்?

ஆயுத பூஜை கழிந்த பிறகுதான் எங்கள் தோட்டத்தில் துப்பாக்கியை எடுப்பார்கள். அதற்கான வேலையைத் தந்தையார் ஆடிப்பெருக்கு கழிந்ததுமே தொடங்கிவிடுவார். அந்தக் கணக்கில் அவருக்கு எட்டு வாரமோ அதற்குச் சற்றுக் கூடுதலோ கிடைக்கும். முதல் நாள் நாயை ஓட்ட மாட்டார். பழம் எடை போடும் தராசில் சாக்குத் தூளி கட்டி, அதில் நாயை உட்காரவைத்து எடை பார்ப்பார். பிறகு விலாவில் கையை வைத்துத் தடவுவார். எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, ஆனால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்பது அவர் அளவுகோல். இன்றைய கால்நடை மருத்துவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். காது, பல், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் பார்த்து உண்ணி எடுப்பார். உண்ணி பரப்பும் காய்ச்சல் இரத்தத்தில் ஒளிந்திருக்கும் நாய் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஓட்டத்தில் சோர்ந்துவிடும் என்பதால், இன்று இந்தக் கட்டத்தில் ஓர் இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது.

முதல் வாரம் சங்கிலியில் பிடித்தபடி நடை மட்டும்தான். பனி விலகுவதற்கு முன் பங்களாவிலிருந்து பழம் பிழியும் பல்பர் வீடு வரை போய்த் திரும்ப 20 நிமிடம் ஆகும். இரண்டாம் வாரம் அது அரை மணி நேரமாகும். சமதளத்தை விட்டுச் சரிவில் ஏற்றுவார். மூன்றாம் வாரத்தில்தான் சங்கிலியை அவிழ்ப்பார். அதன் பிறகும் தொடர்ந்து ஓடவிடாமல், ஐந்து நிமிடம் ஓட்டம், ஐந்து நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி வைப்பார். ஒரு நாள் கடும் பயிற்சி என்றால் மறுநாள் இளநடையோ முழு ஓய்வோ கட்டாயம். தசை வளர்வது ஓய்வில்தான் என்பதை அவர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. மறுநாள் காலை நாய் எழுந்து நிற்கும் விதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். ஐந்தாம் வாரத்துக்கு மேல் மார்புப் பட்டையில் இரண்டு முழச் சங்கிலியைக் கட்டி இழுக்கவைப்பார். பின்னங்கால் தொடையும் இடுப்பும் அதில் இறுகும். வாரம் ஒரு முறை தோட்டத்துக் குட்டையில் நீந்தவிடுவார். மூட்டுக்கு அடி இல்லாமல் நெஞ்சுக்கு வேலை கொடுக்க நீச்சலைவிடச் சிறந்தது இல்லை. ஏழாம் வாரத்தில் நாய் காலையில் இரண்டு மணி நேரம் தளராமல் தேடும். எட்டாம் வாரத்தில் பாதியாகக் குறைத்துவிடுவார். பயணத்துக்கு முந்தைய நாட்களில் நாய் களைப்பில்லாமல் இருக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம். சிகாகோ நண்பர் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்: பல மாதம் ஓய்வு, கடைசி வாரம் ஓட்டம்.

எட்டு வாரம் எதற்கு, நான்கு போதாதா என்று கேட்கலாம். இதயமும் நுரையீரலும் விரைவில் பழகிவிடும். மூன்று நான்கு வாரத்திலேயே நாய் உற்சாகமாக ஓடத் தொடங்கும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தசைநாணும் மூட்டைக் கட்டிப் பிடிக்கும் இணைப்புத் திசுக்களும் எலும்பும் மெதுவாகவே வலுப்பெறும். மூச்சு தாங்குகிறதே என்று ஓட்டினால் முழங்கால் தாங்காமல் போகும். அதனால்தான் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்ட வேண்டும். ஒன்றேகால், ஒன்றரை வயது ஆகாத குட்டியை இந்தக் கடும் பயிற்சிக்குக் கொண்டுவரவே கூடாது. அதன் எலும்பு நுனிகளில் வளர்ச்சி இன்னும் முடிந்திராது.

பாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாயின் உள்ளங்கால் மெத்தையை யாரும் நினைப்பதில்லை. தரை ஓட்டிலும் கம்பளத்திலும் நடக்கும் நாயின் உள்ளங்கால் தோல் மென்மையாக இருக்கும். அறுவடை முடிந்த சோள வயலின் கூரிய தட்டைகளில் முதல் மணி நேரத்திலேயே அது கிழிந்துவிடும். அதைக் கடினமாக்க மண்ணிலும் சரளையிலும் பல வாரம் நடக்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆனால் வெயில் ஏறிய தார்ச் சாலையில் நடத்துவது பயிற்சி ஆகாது. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியவில்லையென்றால், அந்தச் சாலையில் நாயின் கால் படக்கூடாது.

இனி நான் எழுதத் தயங்கும் பகுதி. எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது, உறவினர் ஒருவரின் மரணத்தால் தந்தையார் ஊருக்குப் போய்ப் பல வாரம் திரும்ப முடியவில்லை. நாய்களைச் சங்கிலியில் கட்டி நேரத்துக்குச் சோறு போட்டார்களே தவிர, நடத்த ஆள் இல்லை. அவர் திரும்பிய பத்தாம் நாள் வேட்டைக்கு விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று அவர் கேட்டார், அது நடக்கவில்லை. ராணி என்ற வெள்ளையும் பழுப்புமான பாயின்டர் அன்று காலை எட்டு மணிக்கு இறங்கியது. மழை ஓய்ந்த மறுநாள். காற்றில்லாத, புழுக்கமான வெயில். நான் தண்ணீர்க் குவளையுடன் பின்னால் போனேன். பதினொரு மணிக்கு மேல் அதன் நாக்கு நுனியில் அகன்று மண்வெட்டி போல ஆகிவிட்டது. ஈறு செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. கூப்பிட்டால் காதைத் திருப்பியது, ஆனால் வரவில்லை. உண்ணிச்செடிப் புதர் ஓரமாகப் போய் ஒரு காலைத் தூக்கி நின்றது. பறவை எழும்பிப் பறந்த பிறகும் அப்படியே நின்றது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. தந்தையார் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையை நோக்கி ஓடினார். ஓடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது இறந்துவிட்டது.

அந்த இரவு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை: மாடு முடியாவிட்டால் படுத்துக்கொள்ளும், குதிரை மிரளும், நாய் மட்டும் தானாக நிற்காது, நிறுத்த வேண்டியவன் பக்கத்தில் இருக்க வேண்டும். பறவை நாயைப் பல தலைமுறையாக அப்படித்தான் தேர்ந்து வளர்த்திருக்கிறார்கள். வாசனை மூக்கில் இருக்கும்வரை அதற்குக் களைப்பு தெரியாது. கட்டுரையாளர் தம் நாய் விழும்வரை உழைத்ததைப் பாராட்டியிருப்பதைப் படித்தபோது எனக்கு ராணியின் நினைவுதான் வந்தது. அவருடைய நாய் மறுநாள் எழுந்தது. அதற்கு அக்டோபர் மாதத்தின் குளிர்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் குளிரையும் நம்ப முடியாது. தெற்கு டகோட்டாவில் பெசன்ட் வேட்டைக் காலம் அக்டோபர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கும். 2003ஆம் ஆண்டு அந்தத் தொடக்க வாரக் கடைசியில் வழக்கத்துக்கு மாறான வெப்பம் நிலவியதால், ஏறத்தாழ 100 வேட்டைநாய்கள் இறந்ததாக அங்கே செய்திகள் வந்தன. கோடை முழுவதும் சும்மா இருந்து எடை கூடிய நாய்களை முதல் நாளே முழுப் பொழுதும் ஓடவிட்டால் இதுதான் நடக்கும். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்வை கிடையாது. நாக்கை நீட்டி இரைப்பதுதான் அதன் முக்கியமான குளிரூட்டும் வழி. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழியும் அடைபடும். துப்பாக்கி ஏந்தியவர் முகத்தில் காற்று படும். அவர் இடுப்பளவுப் புல்லுக்குள் ஓடும் நாய்க்குக் காற்றே கிடையாது. ஓய்விலிருக்கும் நாயின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். அது 106ஐத் தாண்டினால் ஈரல், சிறுநீரகம், மூளை எல்லாம் ஆபத்தில் இருக்கின்றன. அந்த நிலையில் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்று படும்படி செய்து, பிறகு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். குளிர்விக்காமல் வண்டியில் ஏற்றக்கூடாது. ஈரத் துணியைப் போர்த்திவிட்டுப் போவதும் தவறு. அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். நினைவிழந்த நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

பழக்கப்பட்ட உடம்பு வெப்பத்தையும் நன்றாகச் சமாளிக்கும், ஆனால் அந்தப் பழக்கம் வருவதற்கு இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். வேட்டைக்காரரின் சொந்த நலனுக்காகவே இன்னொன்றும் சொல்லலாம். வாயைத் திறந்து பலமாக இரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. மோப்பத்துக்குக் காற்றைச் சிறுசிறு இழுப்பாக மூக்கு வழியே இழுக்க வேண்டும். பக்குவமில்லாத நாய் பத்து மணிக்கு மேல் பறவையைத் தாண்டிப் போய்விடும். அது மூக்கின் குற்றமல்ல, மூச்சின் குற்றம்.

உணவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீண்ட நேரம் உழைக்கும் நாய்க்கு எரிபொருள் பெரும்பாலும் கொழுப்பிலிருந்தே வருகிறது; மாவுச்சத்திலிருந்து அல்ல. உழைக்கும் நாய்களுக்கென்று அங்கே விற்கும் தீனியில் புரதம் 30 விழுக்காடும் கொழுப்பு 20 விழுக்காடும் இருக்கும். அந்தத் தீனிக்கு உடம்பு பழகவும் பல வாரம் வேண்டும் என்பதால், உணவு மாற்றமும் பயிற்சியோடு சேர்ந்தே தொடங்க வேண்டும். பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்ற வேண்டும். தந்தையாருக்கு அந்தத் தீனியெல்லாம் கிடையாது. ராகிக் களியில் எலும்புச் சாறும் மாட்டுக் கொழுப்பும் சேர்ப்பார், வாரம் ஏற ஏறக் கொழுப்பைக் கூட்டுவார். வேட்டை நாள் காலையில் வயிறு நிறையப் போட மாட்டார். முந்தைய இரவே முழு உணவு முடிந்துவிடும். வேலை முடிந்து மூச்சு அடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடுத்த உணவு. ஆழமான மார்புள்ள நாய்களுக்கு நிறைந்த வயிற்றோடு ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு; அதற்கு அறுவை சிகிச்சை தவிர வேறு வழி இல்லை. தண்ணீரை மட்டும் இடையிடையே, கொஞ்சம் கொஞ்சமாக, நாய் கேட்பதற்கு முன்பே கொடுக்க வேண்டும்.

இவையெல்லாம் அமெரிக்காவில் இருப்பவருக்குத்தானே என்று தங்கள் வாசகர்கள் எண்ணிவிடக்கூடாது. சேலம் அழகாபுரத்திலும் சூரமங்கலத்திலும் அடுக்குமாடிகளில் வளரும் லாப்ரடார்களும், மொட்டை மாடியில் சங்கிலியில் நிற்கும் ராஜபாளையங்களும் சனி, ஞாயிறு தோறும் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கே ஏற்காட்டில் வந்து இறங்குகின்றன. கீழே வெயில் 39, 40 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது மேலே குளிர்ச்சியாக இருப்பதால், நாய்க்கு எதுவும் ஆகாது என்று நம்பி, பகோடா முனையிலும் கிளியூர் அருவிப் பாதையிலும் மணிக்கணக்கில் நடத்துகிறார்கள். கிளியூர்ப் பாதையில் இறங்குவது எளிது. ஏறுவதுதான் கடினம் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். சென்ற மே மாதம் சேர்வராயன் கோவில் சாலையில், கொழுத்த லாப்ரடார் ஒன்று உள்ளங்கால் தோல் உரிந்து உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்தாள். அவள் தகப்பனார் சோம்பேறி நாய் என்று அதைச் சங்கிலியால் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கொடுமைக்காரர் அல்லர். அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னதும் நாயை இரு கையாலும் தூக்கிக் காருக்குக் கொண்டுபோனார்.

ஏற்காடு கோடை விழாவின் நாய் கண்காட்சிக்குக் கால்நடை மருத்துவர்களும் நூற்றுக்கணக்கான நாய் வளர்ப்போரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். பரிசு வழங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, நாயை மலைக்குக் கொண்டுவருமுன் எப்படிப் பழக்குவது, வெப்பத்தாக்குதலின் அறிகுறி என்ன என்பதை ஒரு மருத்துவர் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும் என்று மாவட்ட நிர்வாகத்தையும் கால்நடை பராமரிப்புத் துறையையும் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அடிவாரத்தில் வண்டிகள் நின்று செல்லும் இடத்தில் தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை வைப்பதற்கும் பெரிய செலவு ஆகாது.

சிகாகோ நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அக்டோபரிலும் போவதாகக் கட்டுரையின் இறுதியில் எழுதியிருக்கிறார். மூன்றாம் சனிக்கிழமையிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் 20க்கும் 26க்கும் இடையில் ஒரு நாள் வரும். அதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டி, எடையைக் குறித்துக்கொள்ளட்டும். அந்த நாள் விடியற்காலை, வெயில் ஏறுவதற்கு முன், சங்கிலியைப் பிடித்து 20 நிமிடம் நடக்கட்டும். அன்றைக்கு அது போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்பித் தோட்ட ரைட்டர் (கணக்கர்),
ஏற்காடு, சேலம் மாவட்டம்.